‘மக்கு’ என்றொரு புதிய குலக்கல்வி!

“அவனுக்குப் படிப்பு ஏறாது!”

மூன்றே சொற்கள். ஆனால், தோழர்களே, இந்த மூன்று சொற்களை எதிர்த்துத்தான் தமிழகத்தில் ஒரு நூற்றாண்டுக் காலம் போராட்டம் நடந்தது.

உழுபவர் மகனுக்குப் படிப்பு ஏறாது என்றனர். துணி வெளுப்பவர் மகளுக்கு ஏறாது என்றனர். செருப்புத் தைப்பவர் பிள்ளை, மண் சுமப்பவர் பிள்ளை, வலை வீசுபவர் பிள்ளை எவருக்குமே ஏறாது என்றனர். ஏன் ஏறாது? பிறப்பு அப்படி என்றனர்! 1953-ஆம் ஆண்டு, இராசாசி அவர்கள் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டமே வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தோர் அதற்குப் பெயர் சூட்டினர். பெரியார் ஊர் ஊராய்ச் சென்று அதன் தோலை உரித்தார். அதே ஆண்டு ஜூலையில் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை அந்தத் திட்டத்தின் மீதே பாய்ந்தது. 1954-இல் இராசாசி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் மண்ணுக்குள் போயிற்று.

போன சொல் போயே போய்விட்டதா? இல்லை, தோழர்களே! இன்று அது வேறு வேடம் பூண்டு திரும்பி வந்திருக்கிறது. அன்று சாத்திரத்தைக் கையில் பிடித்து வந்தது. இன்று மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்து வருகிறது. அன்று ‘குலம் தாழ்ந்தவன்’ என்றது. இன்று ‘மக்கு’ என்கிறது. பெயர்தான் வேறு. பிள்ளை போய்ச் சேரும் இடம் ஒன்றேதான்: செல்லூர்த் தறிக்கூடம், மாட்டுத்தாவணிப் பூச்சந்தை, கீழமாசி வீதி மளிகைக் கடை, கப்பலூர்ப் பட்டறை!

உழைப்பை இழிவாகச் சொல்லவில்லை. இந்த ஏட்டைப் படிப்போர் உழைப்பாளிகள். தானாக விரும்பித் தறியில் அமர்வது வேறு; படிக்கத் தெரியாதவன் என்று பள்ளியே முத்திரை குத்தி, பதினான்கு வயதில் தறியை நோக்கித் தள்ளுவது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்ததால்தானே குலக்கல்வியை எதிர்த்தோம்?

ஒன்பதாம் வகுப்பு என்னும் வடிகட்டி

மதுரை நகரிலும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களிலும் எந்த உயர்நிலைப் பள்ளிக்கும் சென்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் சிலர் அமர்ந்திருப்பர். பாடப் புத்தகத்தின் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்க அவர்களால் இயலாது. எட்டாம் வகுப்பு வரை எப்படி வந்தனர்? வந்தனர், தேக்கம் இல்லை என்ற விதி அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த விதி நல்ல விதி. 2024 டிசம்பரில் டில்லி ஆளவந்தார்கள் தங்கள் பள்ளிகளில் ஐந்திலும் எட்டிலும் பிள்ளைகளை நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியபோது, தமிழக அரசு அதனை ஏற்க மறுத்தது. சரியான மறுப்பு. பத்து வயதுப் பிள்ளைக்குத் தோல்விப் பட்டம் கட்டி அனுப்பினால் அது வீட்டுக்குத்தான் போகும்.

ஆனால் நிறுத்தாமல் ஏற்றிவிட்டால் மட்டும் போதுமா? ஏணியில் ஏறத் தெரியாத பிள்ளையைத் தூக்கி மேல்படியில் வைத்துவிட்டு, அங்கே கையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஒன்பதாம் வகுப்பில் அதுதான் ஆகிறது. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பள்ளி வாசலில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று பதாகை கட்ட வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பவன் கடைசி பெஞ்சுக்காரன். அவன் பெற்றோரை அழைத்து, “தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும், மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள்” என்று கனிவாகப் பேசுகிற பழக்கம் நாடறிந்தது. கைரேகை வைத்த தாய் என்ன கேள்வி கேட்பாள்? சான்றிதழை முந்தானையில் முடிந்துகொண்டு போகிறாள். பதாகை ஏறுகிறது!

2025-ஆம் ஆண்டு தமிழகத்தில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 விழுக்காடு. மகிழத்தக்க எண். தவறியவர்கள் அதே கணக்கின்படி ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவர்களாவது கணக்கில் வந்தவர்கள். தேர்வுக் கூடத்தின் வாசற்படியையே மிதிக்காமல், ஒன்பதாம் வகுப்பிலேயே வடிகட்டப்பட்டவர்கள் எந்த விழுக்காட்டில் இருக்கின்றனர்? எதிலும் இல்லை! கணக்கில் இல்லாதவனுக்காகக் கேட்பதுதான் நம் இயக்கத்தின் பிறவிக் குணம். ஆகவே கேட்போம்.

சோம்பேறி என்றார்கள், பசி என்று கண்டோம்

ஒரு காலத்தில், காலை முதல் பாடவேளையில் தலை சாய்ந்து கிடக்கும் பிள்ளையைத் ‘தூங்குமூஞ்சி’ என்றனர். பிரம்பு பேசியது. பிறகுதான் உணர்ந்தனர், அந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்திருக்கிறது என்று! சர் பிட்டி தியாகராயர் 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பகலுணவு கொடுத்தார். காமராசர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு மாநிலமெங்கும் பரவியது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாயிற்று. 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், இதே மதுரையில், சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில், முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் அவர்கள் பிள்ளைகளுடன் அமர்ந்து உண்டு, காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

இந்த நூறாண்டு வரலாறு கூறுவது என்ன? சோம்பேறித்தனம் என்று நினைத்தது சோம்பேறித்தனமன்று; பசி! பிள்ளையிடம் குற்றம் கண்ட நாள் வரையில் தீர்வு பிறக்கவில்லை. பிள்ளைக்கு என்ன தேவை என்று கேட்ட நாளில் பிறந்தது.

அதே கேள்வியை இப்போது கடைசி பெஞ்சில் கேட்டுப் பாருங்கள். மக்குத்தனம் என்று நாம் பெயரிட்டிருப்பது உண்மையில் என்ன?

ஒருவனுக்குக் காது பாதி கேட்கவில்லை, எவரும் சோதிக்கவில்லை. இன்னொருவனுக்குக் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. மூன்றாமவனால் பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாது, கவனம் சிதறுகிறது, ‘அடங்காப்பிடாரி’ என்று பெயர். நான்காமவள் எவர் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டாள். ஆட்டிசம் என்ற பெயரை அவள் வீட்டில் கேட்டதே இல்லை. ஐந்தாமவன் பேச்சில் சூரன், கணக்கை மனத்தில் போடுவான், மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டுவான். ஆனால் எழுத்தைக் கண்டால் வியர்த்துப் போகிறான். அவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு. எழுத்தின் வடிவத்தையும் அதன் ஒலியையும் இணைக்கும் வேலையை அவன் மூளை வேறு விதமாகச் செய்கிறது. அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடித்தால் தீராது. பயிற்சி பெற்ற ஆசிரியர், சிறு குழுவில் அமரவைத்து, ஒலி ஒலியாக, கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் எழுதிப் பழக்கினால் அவன் படிப்பான்.

நம் தமிழையே பாருங்கள். ‘கெ’ என்று எழுதுகிறோம். கொம்பு முன்னே நிற்கிறது; ஆனால் அதன் ஒலி ககரத்துக்குப் பின்னே வருகிறது. ‘கொ’ என்று எழுதினால் குறி இருபுறமும் நின்று எழுத்தைச் சிறை பிடிக்கிறது. லகர, ளகர, ழகரம், ரகர, றகரம், நகர, ணகர, னகரம். பழகிய நமக்கு இவை எளிது. எழுத்தும் ஒலியும் இணைய மறுக்கும் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு முள்வேலி!

பெரியார் 1935-இலேயே எழுத்துச் சீர்திருத்தத்தைத் தம் ஏட்டில் நடைமுறைப்படுத்தினார். மொழித் துரோகம் என்று புலவர் சிலர் பொங்கினர். 1978-இல் அரசாணை வந்தது. பதின்மூன்று எழுத்துகள் எளிய வடிவம் பெற்றன. எழுத்துக்காகக் குழந்தையா, குழந்தைக்காக எழுத்தா என்ற கேள்விக்கு அன்றே விடை கூறிய நாடு இது. எழுத்தையே மாற்றத் துணிந்த நாம், கற்பிக்கும் முறையை மாற்றத் தயங்கலாமா?

1978-இல் இங்கிலாந்தில் வார்னாக் குழு ஓர் அறிக்கை அளித்தது. ஐந்தில் ஒரு குழந்தைக்குப் பள்ளிக் காலத்தில் ஏதேனும் ஒரு கட்டத்தில் தனிக் கவனம் தேவைப்படும் என்றது அந்த அறிக்கை. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் எட்டுப் பேர்! பின்லாந்து நாட்டில் பகுதிநேரத் தனிக் கற்பித்தல் பெறும் மாணவர்கள் ஏராளம், அங்கே அது காய்ச்சலுக்கு மருந்து உண்பதைப் போல, எவரும் வெட்கப்படுவதில்லை. இங்கோ எட்டுப் பேரையும் ஒரே பெஞ்சில் அமர்த்தி, ஒரே பெயர் சூட்டிவிடுகிறோம்.

மனத்தின் பசி

எழுத்து ஏறாதவர் ஒரு வகை. ஏறிக்கொண்டிருந்து, திடீரென்று நின்றுபோனவர் இன்னொரு வகை. நேற்றுவரை முதல் மாணவியாக இருந்தவள் இன்று பேசுவதில்லை. வீட்டில் என்ன நடந்தது? தந்தை குடித்துவிட்டுத் தாயை அடிக்கிறாரா? தாய் இறந்தாளா? சாதியைச் சொல்லி எவனாவது கேலி செய்தானா? பூச்சந்தைக்கு அரும்பு எடுக்க அதிகாலை எழுந்து, பள்ளியில் சோர்கிறாளா? கேட்பதற்கு ஆள் இல்லை. கணக்கு ஆசிரியர் கணக்கை முடிக்க வேண்டும். தலைமை ஆசிரியருக்குக் கோப்பு நிறைந்து கிடக்கிறது.

கேட்பார் இல்லாத துயரம் எங்கே போய் முடிகிறது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து பிள்ளைகள்! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது நினைவிருக்கிறதா? உடன் படித்த மாணவர்களே, சாதி வெறி தலைக்கேறி, ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளி நல அலுவலர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. துயரப்படும் பிள்ளைக்கும் அவர் வேண்டும். வெறி ஏறும் பிள்ளைக்கும் அவர் வேண்டும்.

பள்ளியில் ஆள் இல்லாதபோது தாய் எங்கே செல்வாள்? கோடாங்கியிடம்! “காத்துக் கருப்பு அண்டிவிட்டது” என்பான் அவன். வேப்பிலை அடிப்பான்; கயிறு கட்டுவான்; கோழி கேட்பான். பிள்ளையின் படிப்பு ஓராண்டு போகும். தாயின் காதுத் தோடு அடகுக்குப் போகும். இந்த மூடத்தனம் முற்றினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கண்டோம். மனநோயாளிகளை அடைத்துவைத்திருந்த கொட்டகையில் தீப்பற்றியது; சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி வெந்து மாண்டனர். எந்தச் சாமியும் சங்கிலியை அவிழ்க்க வரவில்லை. அந்த அவலத்தைக் கேட்ட பிறகும், பதினான்கு வயதுப் பிள்ளையைக் கோடாங்கியின் உடுக்கைக்கு முன்னே உட்கார வைக்கலாமா?

மதுரையில் மருத்துவம் இல்லாமல் இல்லை. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 1992 முதல் செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணி புரிந்து வருகிறது. அரசின் 104 எண்ணும், 14416 என்ற மனநல உதவி எண்ணும் கட்டணமின்றிப் பேச இருக்கின்றன. இருக்கின்ற கதவை அந்தத் தாய்க்குக் காட்டத்தான் ஆள் இல்லை.

விதி மாறினால் உயிர் பிழைக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. முன்பு பொதுத்தேர்வில் ஒரு பாடம் தவறினாலும் ஓராண்டு வீண். அந்த ஓராண்டின் அவமானம் தாங்காமல் மாண்டவர் பலர். சென்னையில் 1986-இல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் போன்றோர் வற்புறுத்தினர். உடனடித் துணைத்தேர்வு வந்தது. தவறியவர் சில வாரங்களில் மீண்டும் எழுதி, அதே ஆண்டு கல்லூரி செல்ல வழி பிறந்தது. ஒரு தேர்வு அட்டவணையை மாற்றியதால் எத்தனை தாய்மார் வயிற்றில் பால் வார்க்கப்பட்டது!

சட்டம் எங்கே கைவிடுகிறது?

‘சட்டம் இல்லையா?’ என்பீர்கள். இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உடைய பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையாகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் கற்றல் குறைபாடுடையவருக்குச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உண்டு.

ஆனால் கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே! கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. சிறப்பாசிரியர் எத்தனை பேருக்கு ஒருவர் என்று 2022-இல் டில்லி வெளியிட்ட அறிவிக்கை, தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், நடுநிலையில் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்கிறது. உயர்நிலைக்கு? மௌனம்! பொதுத்தேர்வின் பாரம் எந்த வகுப்பில் தலையில் ஏறுகிறதோ, அந்த வகுப்பின் வாசலில் சட்டம் கையை உதறிக்கொண்டு நிற்கிறது. ஆற்றின் நடுவில் பரிசலை விட்டு இறங்கும் பரிசல்காரன் போல!

சலுகை பெறச் சான்று வேண்டும். மேலூருக்கு அப்பாலிருந்தும் உசிலம்பட்டிக்கு அப்பாலிருந்தும் தாய் மதுரைக்கு வர வேண்டும். ஒரு நடையில் முடியுமா? ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. அரை நாள் படிப்பு போதும் என்றவரின் பெயர் தாங்கிய அரசு இராசாசி மருத்துவமனையின் வாசலில், தன் பிள்ளை முழுதாகப் படிக்க ஒரு சான்று வேண்டி உழைக்கும் தாய் நிற்கிறாள். வரலாறு இப்படியும் சிரிக்கும்!

நீதிமன்றங்கள் பேசிவிட்டன. சிறப்பாசிரியர் பணியிடங்களை மாநிலங்கள் கணக்கிட்டு அறிவித்து நிரப்ப வேண்டும் என்று 2025 மார்ச் 7 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டு ஜூலை 25 அன்று மற்றொரு தீர்ப்பு: நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும், சட்டம் வரும்வரை இதுவே நாடெங்கும் கட்டுப்படுத்தும் என்றது. நூறு மாணவர் என்றால் நம் வட்டாரத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் மிகப் பலவும் அதில் அடங்கும்.

இனிப் பணம். சிறப்பாசிரியர்களுக்கான ஊதியம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருகிறது. டில்லி அறுபது பங்கு, மாநிலம் நாற்பது பங்கு. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள் என்று நிபந்தனை விதித்து, 2024-25-ஆம் ஆண்டுக்கு உரிய சுமார் 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கொள்கைச் சண்டையைக் கொள்கை மேடையில் நடத்தட்டும்! காது கேளாப் பிள்ளைக்குப் பாடம் சொல்பவரின் சம்பளத்தைப் பிடித்து வைத்தா நடத்துவது?

டில்லியைச் சாடிவிட்டு நாம் கைதட்டிக் கலைந்துவிட முடியாது. அந்தச் சிறப்பாசிரியர்கள் பல்லாண்டுக் காலமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கின்றனர். ஆட்சிகள் மாறின, அவர்கள் நிலை மாறவில்லை. தன் வேலை அடுத்த ஆண்டு உண்டா என்று அறியாதவர், நாளை பற்றிப் பிள்ளைக்கு எப்படி நம்பிக்கை ஊட்டுவார்? 2025-26-ஆம் கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பது வரை, அடிப்படை எழுத்தும் எண்ணும் தடுமாறும் மாணவர்களைக் கண்டறிந்து கற்பிக்கத் ‘திறன்’ திட்டம் வந்தது. கடைசி பெஞ்சைக் கண் திறந்து பார்த்த திட்டம், பாராட்டுவோம். ஆனால் கண்டறிவது பாதி வேலை. கண்டறிந்த பின் பக்கத்தில் அமர்ந்து கற்பிக்க நிலையான ஆள் வேண்டும். எந்தக் கட்சி கோட்டையில் அமர்ந்தாலும் நம் கேள்வி இதுவே: திட்டத்துக்குப் பெயர் உண்டு, பணியிடத்துக்கு ஆணை எங்கே?

கேட்பார்கள், பதில் சொல்லுங்கள்

“எங்கள் காலத்தில் தோலை உரித்தார்கள், படித்தோம். இப்போது செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்” என்பார் தேநீர்க் கடைப் பெரியவர். மரியாதையுடன் அவரிடம் கேளுங்கள்: “அய்யா, உங்களோடு ஒன்றாம் வகுப்பில் அமர்ந்தவர் எத்தனை பேர்? பத்தாம் வகுப்பில் அமர்ந்தவர் எத்தனை பேர்? மற்றவர்கள் எங்கே போனார்கள்?” தேறியவர் மட்டுமே தேநீர்க் கடையில் அடியின் பெருமை பேசுகின்றனர். அடி தாங்காமல் ஓடியவர் அங்கே பேச வருவதில்லை.

“வினாத்தாளை ஒருவர் படித்துக் காட்டி, விடையை ஒருவர் எழுதினால் அது தேர்வா?” என்பார் இன்னொருவர். அவருக்கு நம் இயக்கத்தின் கதையைச் சொல்லுங்கள். முடிதிருத்தும் நிலையத்தில், தேநீர்க் கடையில், மன்றத்தில், ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, சுற்றிலும் இருபது பேர் கேட்டனர். அவர்களுள் எழுத்தறியாதவர் எத்தனையோ பேர். மேடைப் பேச்சை விடிய விடியக் கேட்டனர், வரலாறு கற்றனர், பொருளாதாரம் கற்றனர், 1967-இல் ஓர் ஆட்சியையே மாற்றினர். அவர்கள் மக்குகளா? காதால் கற்ற கூட்டம் கட்டிய இயக்கம் இது! காதால் கற்கும் பிள்ளையைப் பார்த்து, அது படிப்பன்று என்று நம் வாயால் சொல்லலாமா?

“ஒருவனுக்காக நாற்பது பேர் பாடம் கெட வேண்டுமா?” என்பார் மூன்றாமவர். கெடுவது இப்போதுதான். புரியாதவன் சும்மா இருப்பானா? வகுப்பைக் கலைப்பான். ஆசிரியர் பாதி நேரம் அவனை அடக்குவதிலேயே செலவிடுவார். துணைக்கு ஒரு சிறப்பாசிரியர் வந்தால் நாற்பது பேருக்கும் அமைதி, ஆசிரியருக்கும் நிம்மதி. வசதி படைத்தோர் தம் பிள்ளைக்குத் தனிப் பயிற்சியும் ஆலோசகரும் விலைக்கு வாங்கிவிடுவர். விலைக்கு வாங்க முடியாதவனுக்கு அரசுப் பள்ளியே கதி. ஆகவே இது இரக்கத்தின் பேரால் கேட்கும் சலுகையன்று. வகுப்பறைக்குள் நடக்க வேண்டிய சமூகநீதி!

செய்ய வேண்டியது

‘ஊனமுற்றோர்’ என்ற சொல் நெஞ்சைத் தைக்கிறது என்று, கலைஞர் ஆட்சியில் ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் அரசு வழக்கில் ஏறியது. துறையின் பெயர்ப் பலகை மாறியது. வகுப்பறையில் ‘மக்கு’ மாறவில்லை. அதை மாற்ற அரசாணை வேண்டாம். நம் நாக்கு போதும். முதல் வேலை அதுதான். நம் வீட்டில், நம் தெருவில், அந்தச் சொல் இனி ஒலிக்கக் கூடாது.

இரண்டாவது: பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர், உள்ளாட்சி உறுப்பினருக்கும் இடமுண்டு. நம் தோழர்கள் பலர் அங்கே இருக்கின்றனர். தேநீரும் கையெழுத்துமாக முடிந்துபோகும் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பத்தியைப் படிக்க இயலாதவர் எத்தனை பேர்? தேர்வுச் சலுகைக்கு எத்தனை பேருக்கு விண்ணப்பித்தீர்கள்? இந்த ஆண்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றவர் எவர், ஏன்? விடையைக் குறிப்பேட்டில் எழுத வையுங்கள்.

மூன்றாவது: தொழிற்சங்கத் தோழர்களே! உங்கள் ஆலையில், தறிக்கூடத்தில், கடையில் வேலை செய்யும் தாய் தன் பிள்ளையின் சான்றுக்காக மருத்துவமனை செல்ல நேர்ந்தால், அன்றைய கூலியைப் பிடிக்காதிருக்கச் செய்யுங்கள். ஒன்பதாம் வகுப்பை விட்ட பிள்ளை வேலைக்கு வந்து நின்றால், 1098-க்குச் சொல்லுங்கள். பள்ளிக்குத் திருப்பி அனுப்புங்கள்.

நான்காவது: மன்றத்திலும் படிப்பகத்திலும் மாலை ஒரு மணி நேரம், படிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன், படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். அது சிறப்பாசிரியர் வேலைக்கு ஈடாகாது. ஆனால் தனக்காகப் படிக்க ஒருவன் உண்டு என்பதை அந்தப் பிள்ளை அறியும்.

ஐந்தாவது: மாநகராட்சி உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர் எவரைக் கண்டாலும், நம்மவர் என்று பல்லிளித்துத் திரும்பாமல், உச்சநீதிமன்றம் சொன்ன ஆலோசகர் நம் பள்ளிக்கு எப்போது வருவார் என்று கேளுங்கள். 2025-இல் திருத்திய சட்டத்தால் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு நியமன உறுப்பினர் இடம் உண்டு. அந்த இடத்தில் அமர்பவர்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் இதுவே.

குலக்கல்வியை ஓராண்டில் வீழ்த்தியது எப்படி? அது ஒரு பெயரோடு, ஒரு முகத்தோடு, எதிரே வந்து நின்றது, எதிர்த்தோம். இந்தப் புதிய குலக்கல்விக்கு முகமில்லை. எந்த அமைச்சரும் இதைச் சட்டசபையில் முன்மொழியவில்லை. ஒரு சலிப்பில், ஒரு கேலியில், கனிவாக நீட்டப்படும் ஒரு மாற்றுச் சான்றிதழில் அது நாள்தோறும் நிறைவேறுகிறது. அதனால்தான் அதை வீழ்த்தும் வேலை தலைவர்களோடு முடியாது. தெருவுக்குத் தெரு நிற்கும் தொண்டனின் வேலை அது.

அடுத்த முறை எவரேனும் “அவனுக்குப் படிப்பு ஏறாது” என்றால், தோழனே, விட்டுவிடாதே. “ஏறும்படி சொல்லிக்கொடுக்க ஆளைப் போட்டீர்களா?” என்று கேள்!